பொலிஸ் கை காட்டினால்: கல்முனைக் கரையோர றோட்டில் தெரிந்திருக்க வேண்டியவை

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணி தாண்டினால் கல்முனைப் பிரதான வீதியின் ஓட்டமே மாறிவிடும். கடைக் கதவுகள் பாதிக்கு இறங்கும். வெள்ளை ஜுப்பாவும் தொப்பியுமாய் ஆண்கள் மோட்டார் சைக்கிளில் ஏறுவார்கள். முன்னால் பெற்றோல் டாங்கியில் சின்னவன், பின்னால் பெரியவன், நடுவில் வாப்பா. "ஹெல்மட்ட போட்டுட்டுப் போங்களேன்" என்று வீட்டுக்குள்ளிருந்து குரல் வந்தால், "இந்தா, பள்ளிக்குத்தானே போறன்" என்று பதில் வரும். ஹெல்மட் ஆணியில் தொங்கும்.

சாய்ந்தமருது தாண்டும்போது எதிரே வருகிற ஓட்டோக்காரர் இரண்டு தரம் லைட் அடிப்பார். முன்னுக்கு டிராபிக் பொலிஸ் நிற்கிறது என்று அர்த்தம். அடுத்த கணமே நாலைந்து மோட்டார் சைக்கிள்கள் நடுறோட்டில் வளைந்து ஒழுங்கைகளுக்குள் நுழையும். பின்னால் வரும் பஸ்ஸைத் திரும்பிப் பார்க்கக்கூட நேரமிருக்காது.

ஆயிரம் ரூபாய்த் தண்டத்துக்குப் பயந்து உயிரைப் பணயம் வைக்கிற இந்தத் திருப்பம் மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரை எல்லா ஊரிலும் நடக்கிறது. கொழும்பில் தொடங்கி இரத்தினபுரி, வெல்லவாய, பொத்துவில் வழியாக மட்டக்களப்பு வரை போகும் ஏ4 நெடுஞ்சாலைதான் இந்த ஊர்களுக்குப் பிரதான வீதி. பள்ளிவாசலும் பாடசாலையும் சந்தையும் ஆஸ்பத்திரியும் இதே றோட்டின் இரு கரையிலும் இருக்கின்றன. நீண்டதூர பஸ்ஸும், மீன் ஏற்றிய கூலர் லொறியும், நெல் ஏற்றிய உழவு இயந்திரமும், ட்யூஷனுக்குப் போகும் பிள்ளையின் துவிச்சக்கர வண்டியும் ஒரே தார்ப்பட்டியில்தான் ஓடுகின்றன. பொலிஸார் வாகனத்தை மறிப்பதும் இங்கேதான்.

மறித்த அந்த ஐந்து நிமிடம் எப்படிப் போகிறது என்பது பெரும்பாலும் இரண்டு விஷயங்களில் தங்கியிருக்கிறது. ஒன்று, வாகனமோட்டி எவ்வளவு நிதானமாக இருக்கிறார் என்பது. மற்றது, தன் உரிமையும் கடமையும் அவருக்கு எவ்வளவு தெரியும் என்பது. இந்த இரண்டும் சேர்ந்திருந்தால் பெரும்பாலான மறிப்புகள் ஒரு துண்டுச் சீட்டோடு, அல்லது "சரி, போங்க" என்ற சொல்லோடு முடிந்துவிடும். உத்தியோகத்தர் பிழை செய்தால் அதைக் கேட்க இடங்கள் இருக்கின்றன. றோட்டு அந்த இடங்களில் ஒன்றல்ல.

நிறுத்தாமல் போனதால் போன உயிர்கள்

2016 ஒக்டோபர் 20ஆம் திகதி இரவு யாழ்ப்பாணம் கொக்குவில் குளப்பிட்டிச் சந்தியருகே மோட்டார் சைக்கிளில் போன யாழ். பல்கலைக்கழக மாணவர் இருவர் இறந்தார்கள். முதலில் வந்த செய்தி, வேகமாக வந்து மதிலில் மோதிய விபத்து என்பது. பிரேத பரிசோதனையில் துப்பாக்கிச் சூட்டுக் காயம் தெரிய வந்தது. நிறுத்தச் சொல்லியும் நிறுத்தாததால் சுட்டதாகப் பொலிஸ் தரப்பு சொன்னது. பொலிஸார் ஐவர் கைது செய்யப்பட்டார்கள். வடக்கில் கடையடைப்பு நடந்தது, நாடு முழுக்கப் பல்கலைக்கழக மாணவர்கள் வீதிக்கு இறங்கினார்கள்.

2024 ஜனவரி 18ஆம் திகதி குருநாகல் மாவட்டத்தின் நாரம்மலையில் ஒரு லொறிச் சாரதி இறந்தார். மறித்தவர்கள் சிவில் உடையில் இருந்த பொலிஸார். லொறி நிற்காமல் போனது. துரத்திப் பிடித்த இடத்தில் உப பொலிஸ் பரிசோதகரின் துப்பாக்கி வெடித்தது. அவர் கைது செய்யப்பட்டார். சீருடை இல்லாத ஆட்கள் றோட்டில் மறித்தால் அவர்கள் பொலிஸா, கொள்ளைக்காரரா என்று ஒரு சாரதிக்கு எப்படித் தெரியும்? நாடு முழுக்க எழுந்த அந்தக் கேள்வி நியாயமானது.

நிறுத்தாமல் போவது சுடுவதற்குரிய குற்றம் இல்லை. இரண்டு சம்பவத்திலும் கைதானவர்கள் பொலிஸார். ஆனால் வழக்கு எப்படிப் போனாலும் போன பிள்ளையும் போன தகப்பனும் வீட்டுக்குத் திரும்புவதில்லை. அதனால்தான், சீருடையில் இருக்கும் உத்தியோகத்தர் கை காட்டினால் நிறுத்துவது முதல் விதி. ஹெல்மட் இல்லையா, லைசன் வீட்டிலா, இன்சூரன்ஸ் காலாவதியா, எதுவானாலும் நிறுத்த வேண்டும். அந்தக் குற்றங்களுக்கெல்லாம் சட்டத்தில் ஒரு விலை குறித்திருக்கிறது. தப்பி ஓடுவதற்கு என்ன விலை என்று முன்கூட்டி யாராலும் சொல்ல முடியாது.

நிறுத்தும் விதம்

கை காட்டியதும் சடாரென்று பிரேக் அடிப்பதும் ஆபத்துத்தான். இடப்பக்க சிக்னலைப் போட்டு, வேகத்தைக் குறைத்து, பின்னால் வருகிற வாகனத்தைக் கண்ணாடியில் பார்த்து, உத்தியோகத்தரைத் தாண்டிப் போகாமல் ஓரத்தில் நிறுத்த வேண்டும். இந்த றோட்டின் பல இடங்களில் ஓரத்தை ஒட்டியே வடிகான் ஓடும். ஓட்டோக்காரர்கள் அதைக் கவனித்து ஒதுக்க வேண்டும். பிறகு என்ஜினை நிறுத்த வேண்டும். மோட்டார் சைக்கிளில் இருப்பவர் ஹெல்மட் கண்ணாடியை மேலே தூக்கிவிட வேண்டும். முகம் தெரியாத ஆளிடம் பேசும்போது எந்த உத்தியோகத்தரும் கொஞ்சம் விறைப்பாகத்தான் நிற்பார். 2015இல் முகம் முழுவதும் மூடிய ஹெல்மட்டைத் தடை செய்ய பொலிஸார் முயன்றதும், மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை இடைநிறுத்தியதும் பலருக்கு நினைவிருக்கும். ஹெல்மட்டோடு வந்து கொள்ளையும் கொலையும் செய்தவர்கள் இருந்தார்கள் என்பதுதான் அன்று பொலிஸார் சொன்ன காரணம்.

இரவென்றால் காரின் உள்லைட்டைப் போடுவது நல்லது. இரண்டு கையும் ஸ்டீரிங்கில், அல்லது ஹேண்டிலில், தெரியும்படி இருக்கட்டும். கேட்பதற்கு முன்பே பொக்கெட்டுக்குள் கையை விட்டுத் துழாவுவதும், சீட்டுக்கு அடியில் குனிந்து தேடுவதும் வேண்டாம். "லைசன் பேர்ஸில இருக்கு சேர், எடுக்கட்டா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுத்தால் இரண்டு பேருக்கும் பதற்றமில்லை.

பின்னால் இருப்பவர் வாயைத் திறக்காமல் இருப்பது பெரிய உதவி. பிரச்சினை பெருகும் பல மறிப்புகளில் சாரதி அமைதியாக இருப்பார், பின்சீட்டு மச்சான்தான் சண்டையைத் தொடங்கி வைப்பார். றோட்டோரம் கூட்டம் கூடுவதும் அப்படித்தான். வேடிக்கை பார்க்க வந்த பத்துப் பேர் ஆளுக்கொரு வார்த்தை சொன்னால், சீட்டோடு முடிய வேண்டியது கடமைக்கு இடையூறு என்ற வழக்காக மாறிவிடும்.

நான்கு கடதாசியும் ஒரு சீட்டும்

வாகனத்தில் இருக்க வேண்டியவை அதிகமில்லை. சாரதி அனுமதிப்பத்திரம், வருமான அனுமதிப்பத்திரம், இன்சூரன்ஸ், புகைப் பரிசோதனைச் சான்றிதழ். இவற்றோடு தேசிய அடையாள அட்டையும் பேர்ஸில் இருக்கட்டும். போட்டோக் கொப்பியும் போனில் எடுத்த படமும் உதவிக்கு இருக்கலாம், ஆனால் அசல் லைசன் கையில் இருக்க வேண்டும். அதை வீட்டில் வைத்துவிட்டு வந்தாலே தண்டம் உண்டு.

சிறிய குற்றங்களுக்கு ஸ்பொட் ஃபைன். 2018 ஜூலையில் திருத்திய பட்டியலில் 33 வகைக் குற்றங்கள் இருந்தன. ஹெல்மட் போடாததற்கு ஆயிரம் ரூபாய். லைசனைக் கொண்டுவராததற்கும் ஆயிரம். புகைச் சான்றிதழ் இல்லாததற்கு ஐந்நூறு. பொலிஸாரின் சைகைக்குக் கீழ்ப்படியாமல் போனால் இரண்டாயிரம். ஹெல்மட் இல்லாமல் நிறுத்துகிறவரை விட, நிறுத்தாமல் போகிறவருக்குச் சட்டமே இரட்டிப்புத் தண்டம் வைத்திருக்கிறது.

இந்த ஸ்பொட் ஃபைன் எப்படி நடக்கிறது என்பதைச் சரியாகத் தெரிந்து வைத்திருப்பவர்கள் குறைவு. உத்தியோகத்தர் லைசனை எடுத்துக்கொண்டு ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார். அந்தச் சீட்டுத்தான் பதினான்கு நாளைக்குத் தற்காலிக லைசன்; அதை வைத்துக்கொண்டு வாகனம் ஓட்டலாம். அந்தப் பதினான்கு நாளுக்குள் தபாலகத்தில் தண்டத்தைக் கட்டி, பற்றுச்சீட்டைப் பொலிஸ் நிலையத்தில் காட்டினால் லைசன் திரும்பக் கிடைக்கும். பதினான்கு நாள் கடந்தால் தண்டம் இரட்டிப்பாகும். இருபத்தெட்டு நாளும் கடந்தால் விஷயம் நீதவான் நீதிமன்றத்துக்குப் போகும். 2025இல் ‘கவ்பே’ வழியாகப் போனிலேயே தண்டம் கட்டும் முறையும் கட்டங்கட்டமாக நடைமுறைக்கு வந்தது.

சீட்டைக் கையில் வாங்கியதும் அந்த இடத்திலேயே வாசிக்க வேண்டும். பெயர், வாகன இலக்கம், குற்றம், இடம், திகதி எல்லாம் சரியா என்று பார்க்க வேண்டும். பிழை இருந்தால் அப்போதே காட்டலாம். குற்றத்தையே ஒப்புக்கொள்ளவில்லை என்றாலும் சீட்டை வாங்கிக்கொள்வதுதான் சரி. பணத்தைக் கட்டாமல் நீதிமன்றத்துக்குப் போய் நீதவானிடம் தன் பக்கத்தைச் சொல்ல யாருக்கும் உரிமை இருக்கிறது. சீட்டைக் கிழித்தெறிந்தால் அந்த வாய்ப்பும் கெட்டு, ஓட்டுவதற்கு இருந்த தற்காலிக அனுமதியும் போய்விடும்.

லைசனே எடுக்காமல் ஓட்டுவதும் இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டுவதும் வேறு கணக்கு. அவை நேரே நீதிமன்றத்துக்குப் போகும், தண்டமும் பல மடங்கு. பதினைந்து வயதுப் பையனிடம் கடைக்குப் போய்வரச் சொல்லிச் சைக்கிள் சாவியைக் கொடுக்கும் வாப்பாமார், விபத்தொன்று நடந்தால் இன்சூரன்ஸும் கை கொடுக்காது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

சிங்களம் தெரியாதவர் என்ன செய்வது?

கரையோர ஊர்களில் கடமைக்கு வரும் பொலிஸாரில் பலருக்குத் தாய்மொழி சிங்களம். மறிக்கப்படுகிறவர்களில் பலருக்கு அது கடைத்தெரு அளவுக்குத்தான் வரும். பாதி முறுகல் இங்கேதான் பிறக்கிறது. உத்தியோகத்தர் சாதாரணமாகக் கேட்ட கேள்வி அதட்டலாகக் கேட்கும். வாகனமோட்டி பதறிச் சொல்லும் தமிழ், அவருக்கு எதிர்த்துப் பேசுவதாகத் தோன்றும்.

"மாத்தயா, மட சிங்கள ஹொந்தட பே." எனக்குச் சிங்களம் சரியாக வராது என்று அமைதியாகச் சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது. "தெமளென் கதாகரன்ன புளுவந்த?" தமிழில் பேசலாமா என்று கேட்டால் பெரும்பாலும் பக்கத்தில் நிற்கும் தமிழ் தெரிந்த உத்தியோகத்தரைக் கூப்பிடுவார்கள். தெரியாத மொழியில் தலையாட்டி "ஹரி, ஹரி" என்று சொல்லிக்கொண்டு போவதுதான் ஆபத்து. எதற்குச் சரி சொன்னோம் என்பது பிறகுதான் தெரியவரும்.

தமிழில் கேட்பது யாரும் போடும் பிச்சையும் இல்லை. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. 1988இன் 16ஆவது திருத்தத்தின்படி வடக்கு, கிழக்கு மாகாணங்களில் நிருவாக மொழி தமிழ். ஆகவே பொலிஸ் நிலையத்தில் வாக்குமூலம் கொடுக்க வேண்டி வந்தால் அதைத் தமிழில் எழுதும்படி கேட்கலாம். வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதிய கடதாசியில், என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்து விளக்காமல், கையெழுத்து வைக்கக்கூடாது. "இதை எனக்கு வாசிச்சுச் சொல்லுங்க சேர், பிறகு ஒப்பம் வைக்கிறன்" என்று கேட்பதில் எந்த மரியாதைக் குறைவும் இல்லை.

மரியாதையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். "சேர்" என்று கூப்பிடுவதால் யாரும் குறைந்துபோவதில்லை. வெயிலில் தார்ச் சூட்டில் மணிக்கணக்காக நிற்கிற ஒரு மனிதருக்கு ஸலாமோ வணக்கமோ ஆயுபோவனோ சொல்வது நல்ல பழக்கம். அதே மரியாதையை எதிர்பார்க்கும் உரிமை வாகனமோட்டிக்கும் இருக்கிறது. மகனின் வயதுள்ள கான்ஸ்டபிள் ஒருவர் தலை நரைத்த ஹாஜியாரை ஒருமையில் அதட்டினால் அந்த ஊரே அதை மறப்பதில்லை. மக்கள் பொலிஸுக்குத் தகவல் சொல்லத் தயங்குவதற்கு இப்படியான சின்ன அவமதிப்புகளும் காரணம் என்பதை மேலதிகாரிகள் உணர வேண்டும்.

தொப்பி, அபாயா, ஹெல்மட்

ஹெல்மட் பொலிஸுக்காகப் போடுவதல்ல என்பதை எத்தனை குத்பாவில் சொன்னாலும் தகும். இலங்கையில் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் வீதி விபத்தில் இறக்கிறார்கள், அவர்களில் பெரும் பங்கினர் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். 2008இல் வெளியான ஒரு பெரிய மருத்துவ ஆய்வுத் தொகுப்பு, ஹெல்மட் அணிவதால் இறப்பு அபாயம் 42 வீதமும் தலைக்காய அபாயம் 69 வீதமும் குறைவதாகச் சொல்கிறது. பள்ளி கிட்டத்தில் இருக்கிறது என்பதற்காக லொறி மெதுவாக வரப்போவதில்லை. நோன்பு மாதத்தில் இது இன்னும் மோசம். மஃரிபுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கஞ்சி வாளியை ஹேண்டிலில் கொளுவிக்கொண்டு பறக்கிறவர்களையும், தராவீஹ் முடிந்து நடுஇரவில் ரேஸ் ஓடும் இளைஞர்களையும் எல்லா ஊரும் கண்டிருக்கிறது.

பெண்கள் பின்னால் இருக்கும்போது அபாயாவின் ஓரமும் ஷோலும் சில்லில் சிக்காதபடி சுருட்டி வைப்பது முக்கியம். அவர்களுக்கும் ஹெல்மட் கட்டாயம். ஹிஜாபின் மேல் போடலாம். மறித்த இடத்தில் ஒரு பெண்ணின் உடலைச் சோதிக்க வேண்டி வந்தால் அதை இன்னொரு பெண்தான், கண்ணியத்தைக் கடைப்பிடித்துச் செய்ய வேண்டும் என்று 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை சொல்கிறது. "பெண் பொலிஸ் வரட்டும் சேர், அதுவரைக்கும் காத்து நிக்கிறம்" என்று கேட்பது சட்டம் தந்த உரிமை.

முகம் மூடுவது குறித்து இன்னும் குழப்பம் இருக்கிறது. 2019 ஏப்ரல் 29இல் வந்த தடை, அவசரகால விதிகளின் கீழ் வந்தது. அந்த ஆண்டு ஓகஸ்டில் அவசரகால நிலை காலாவதியானபோது தடையும் முடிந்தது. 2021இல் நிரந்தரத் தடைக்கு அமைச்சரவை அனுமதி கொடுத்தும் அது சட்டமாகவில்லை. ஆனால் ஆளை அடையாளம் காண வேண்டும் என்று கேட்டால் முகத்தைக் காட்டத்தான் வேண்டும். பெண் உத்தியோகத்தரிடம், சற்று ஒதுக்குப்புறமாகக் காட்டக் கேட்கலாம்.

சோதனைச் சாவடியின் நினைவு

இந்தக் கரையில் சோதனைச் சாவடி என்ற சொல்லுக்கே ஒரு பாரம் உண்டு. யுத்த காலத்தில் அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி இறங்கி வரிசையில் நடந்தவர்கள் இன்னும் வாழ்கிறார்கள். அந்தப் பழக்கம் மெல்ல மறைந்த பிறகு 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல் வந்தது. ஏப்ரல் 26ஆம் திகதி இரவு சாய்ந்தமருதில் ஒரு வீட்டுக்குள் நடந்த குண்டு வெடிப்பில் பிள்ளைகளும் இறந்தார்கள். அதன் பிறகு கரையோரம் முழுக்க மறிப்பு, சோதனை, ஊரடங்கு. ஊரார் கொடுத்த தகவலும் பாதுகாப்புத் தரப்பை அந்த வீட்டுக்கு இட்டுச் சென்றது. அப்படியிருந்தும் மாதக்கணக்கில் எல்லாரும் சந்தேகப் பார்வைக்கு ஆளானார்கள். அந்தக் காயம் பலருக்கு ஆறவில்லை. சாதாரண டிராபிக் மறிப்பிலும் சிலருக்குக் கை நடுங்குவது அதனால்தான்.

இன்று மறிப்பதற்கு இன்னொரு காரணம் போதைப்பொருள். 2023 டிசம்பரில் ‘யுக்திய’ என்ற பெயரில் நாடு முழுக்கத் தேடுதல் தொடங்கியது. 2022ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தின்படி ஐந்து கிராமோ அதற்கு மேலோ ஐஸ் போதைப்பொருள் வைத்திருந்தால் மரண தண்டனை அல்லது ஆயுள் சிறை. ஒரு தேக்கரண்டி அளவு தூள்தான் அது. "இந்தப் பார்சல அக்கரைப்பத்துல குடுத்துருங்க மச்சான்" என்று யாராவது தந்தால், உள்ளே இருப்பதைத் திறந்து பார்க்காமல் வாங்கக்கூடாது. கூட்டாளியின் சைக்கிளைக் கடன் வாங்கும்போது சீட்டைத் தூக்கிப் பார்க்க வேண்டும். ஓட்டோக்காரர்கள் ஆள் இறங்கியதும் பின்சீட்டைப் பார்ப்பது நல்லது.

வாகனத்தைச் சோதிக்கக் கேட்டால் தடுத்துத் தள்ளுமுள்ளுப் படுவதால் பயனில்லை. சோதனையின்போது பக்கத்திலேயே நின்று, என்ன எடுக்கிறார்கள், எங்கிருந்து எடுக்கிறார்கள் என்று கண்ணால் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கைது செய்வதாகச் சொன்னால், "என்ன குற்றத்துக்கு சேர்?" என்று கேட்கலாம். கைதாகிறவருக்குக் காரணம் சொல்லப்பட வேண்டும் என்பது அரசியலமைப்பின் 13ஆவது உறுப்புரை. எந்தப் பொலிஸ் நிலையத்துக்கு என்று கேட்டு வீட்டுக்கு அறிவிக்க வேண்டும். வழமையான சட்டத்தின் கீழ் கைதானவரை, பயண நேரம் நீங்கலாக, இருபத்துநான்கு மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும்.

ஐந்நூறு ரூபாய் நோட்டு

லைசனுக்குள் மடித்து வைத்து நீட்டும் நோட்டைப் பற்றியும் பேசத்தான் வேண்டும். ஸ்பொட் ஃபைன் ஆயிரம், இவருக்கு ஐந்நூறு கொடுத்தால் மிச்சம் ஐந்நூறு, அலைச்சலும் இல்லை என்று கணக்குப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். இலஞ்சம் வாங்குவது போலவே கொடுப்பதும் குற்றம். 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் இருவரையும் பிடிக்கும். ஆயிரம் ரூபாய்த் தண்டத்தோடு முடியும் விஷயத்தைச் சிறைக்குப் போகும் விஷயமாக்குவது அந்த நோட்டு. மார்க்க ரீதியில் கொடுப்பவரும் வாங்குபவரும் சாபத்துக்குரியவர் என்பதை இந்த ஊர்களில் யாருக்கும் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. உத்தியோகத்தரே கேட்டால், "சீட்டெழுதித் தாங்க சேர், தபால் கந்தோர்ல கட்டுறன்" என்ற ஒரு வரி போதும். பிறகு 1954க்கு அழைத்து இலஞ்ச, ஊழல் ஆணைக்குழுவிடம் சொல்லலாம்.

பிழை பொலிஸ் பக்கம் இருந்தால்

2020 மே 25ஆம் திகதி, நோன்புப் பெருநாளுக்கு மறுநாள், அளுத்கமையில் துவிச்சக்கர வண்டியில் போன பதினான்கு வயது முஸ்லிம் சிறுவன் ஒருவனைப் பொலிஸ் சோதனைச் சாவடியில் மறித்துத் தாக்கினார்கள். அவன் ஓட்டிசம் உள்ள பிள்ளை. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாதவன். தகப்பன் விடவில்லை. சீசீடிவி காட்சி வெளியில் வந்தது. பொலிஸார் பணி இடைநிறுத்தப்பட்டார்கள்.

2021 மார்ச் 29இல் பன்னிப்பிட்டியவில் றோட்டில் கிடந்த லொறிச் சாரதியின் மேல் சீருடையோடு ஒரு பொலிஸ்காரர் ஏறிக் குதித்தார். போக்குவரத்துப் பொறுப்பதிகாரி ஒருவரை அந்த லொறி மோதியிருந்தது என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. யாரோ போனில் எடுத்த காணொளி ஒரே நாளில் நாடு முழுக்கப் பரவியது. அந்த உத்தியோகத்தர் பணி இடைநிறுத்தப்பட்டுக் கைது செய்யப்பட்டார்.

அளுத்கமையில் ஒரு கெமரா, பன்னிப்பிட்டியவில் ஒரு போன், கொக்குவிலில் ஒரு பிரேத பரிசோதனை. மூன்றிலும் விஷயத்தை நகர்த்தியது ஆதாரம். சத்தம் அதற்குப் பிறகு வந்தது. ஆகவே அநியாயம் நடக்கும்போது வாய்ச்சண்டையில் இறங்காமல் மனதில் குறிக்க வேண்டியவை சில உண்டு: சீருடையில் இருக்கும் பெயரும் இலக்கமும், பொலிஸ் வாகனத்தின் இலக்கம், நேரம், இடம், பக்கத்தில் நின்றவர்கள், எதிரில் உள்ள கடையில் கெமரா இருக்கிறதா என்பது. உத்தியோகத்தரின் முகத்துக்கு நேரே போனை நீட்டுவது சூட்டைக் கூட்டும். சற்றுத் தள்ளி நிற்கும் இன்னொருவர் அமைதியாகப் படமெடுப்பது அதே வேலையைச் செய்யும்.

அடி பட்டிருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கல்முனையில் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையோ ஆதார வைத்தியசாலையோ, எதுவானாலும், பொலிஸார் தாக்கியதால் வந்த காயம் என்று தெளிவாகச் சொல்லிப் பதிய வேண்டும். "விழுந்துட்டன்" என்று சொல்லிவிட்டால் பிறகு எந்த விசாரணையிலும் அந்தச் சொல்தான் முன்னுக்கு வரும்.

அடுத்தது முறைப்பாடு. முதலில் அந்தப் பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரி, அவரிடம் நம்பிக்கை இல்லையென்றால் மேலே உள்ள பொலிஸ் அத்தியட்சகர். பொலிஸாரின் நடத்தை பற்றித் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவிடம் முறையிடலாம், இலக்கம் 1960. இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவின் இலக்கம் 1996. அதன் பிராந்திய அலுவலகம் கல்முனையிலேயே இருப்பதால் கொழும்புக்கு பஸ் ஏற வேண்டியதில்லை.

மிக முக்கியமானது காலம். அடிப்படை உரிமை மீறல் மனுவை, அரசியலமைப்பின் 126ஆவது உறுப்புரையின் கீழ், உயர் நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டிருந்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது என்று 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. "பெருநாள் கழியட்டும், பிறகு பாப்பம்" என்று விட்டுவிட்டு ஐந்தாவது வாரம் சட்டத்தரணியிடம் போனால் நல்ல வழக்கும் வாசலிலேயே நின்றுவிடும்.

ஊரும் பொலிஸும் சேர்ந்து செய்யக்கூடியவை

பொலிஸாரிடம் ஊர் கேட்க வேண்டியவை நியாயமானவை. கரையோர நிலையங்களில் தமிழ் பேசும் உத்தியோகத்தர்கள் கூட வேண்டும். மறிப்பு நடக்கும் இடத்தில் குறைந்தது ஒருவருக்காவது தமிழ் தெரிந்திருக்க வேண்டும். இரவுச் சோதனையில் பெண் உத்தியோகத்தரும் இருக்க வேண்டும். வளைவுக்குப் பின்னாலும் மரத்துக்குப் பின்னாலும் மறைந்து நின்று திடீரென்று குறுக்கே பாய்வதை நிறுத்த வேண்டும்; அது சாரதிக்கும் ஆபத்து, பாய்கிறவருக்கும் ஆபத்து. நாரம்மலைக்குப் பிறகும் சிவில் உடையில் வாகனம் மறிப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

ஊர் செய்ய வேண்டியதும் கொஞ்சமல்ல. பள்ளிவாசல் நிருவாக சபைகள் நினைத்தால் ஜும்ஆவுக்கு ஹெல்மட்டோடு வருவதை ஓரிரு மாதத்தில் பழக்கமாக்கிவிடலாம். ஹெல்மட் வைக்க வாசலில் ஒரு ராக்கை அடித்துக் கொடுத்தாலே பாதிச் சாட்டு ஒழிந்துவிடும். பாடசாலைகளில் உயர்தரப் பிள்ளைகளுக்கு ஸ்பொட் ஃபைன் சீட்டை வாசிக்கக் கற்றுக் கொடுக்கலாம். ஓட்டோ சங்கங்கள் மாதமொரு முறை டிராபிக் பொறுப்பதிகாரியை அழைத்துப் பேசலாம். ஓட்டோவுக்கு மணிக்கு நாற்பது கிலோமீற்றர்தான் எல்லை என்பதையும், 2025 ஜனவரியில் மேலதிக லைட்டுகளையும் அலங்காரங்களையும் கழற்றச் சொல்லிப் பொலிஸார் நடவடிக்கை தொடங்கியபோது எழுந்த மனக்கசப்பையும், றோட்டில் பேசுவதைவிட அந்த மேசையில் பேசுவது இருதரப்புக்கும் நல்லது.

இதை வாசிப்பவர்கள் இன்றைக்கே இரண்டு காரியம் செய்யுங்கள். வாகனத்தில் இருக்கும் கடதாசிகளை வெளியே எடுத்து, இன்சூரன்ஸும் வருமான அனுமதிப்பத்திரமும் எந்தத் திகதியில் முடிகின்றன என்று பாருங்கள். 1996, 1960, 1954, அவசர அம்புலன்ஸுக்கு 1990 என்ற நான்கு இலக்கங்களையும் உங்கள் போனிலும், சைக்கிள் ஓடும் உங்கள் பிள்ளையின் போனிலும் பதிந்து வையுங்கள். பொலிஸ் கை காட்டினால் நிறுத்தச் சொல்லி அந்தப் பிள்ளைக்கு இன்றிரவே எடுத்துச் சொல்லுங்கள்.